பாங்காக்கில் நான் நடந்த பத்து நாள்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதல. உடம்புக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன். மார்கழியில ஒரு பத்து நாள் பாங்காக் போயிட்டு வந்தேன். வந்ததும் தோட்டத்து வேலை இழுத்துக்கிச்சு. இப்பத்தான் உட்கார நேரம் கிடைச்சது.

மல்லிகைத் தோட்டம் வச்சிருக்கவன் ஊரை விட்டு நகர முடியும்னா அது மார்கழியிலதான். கார்த்திகைக் கடைசியில கவாத்து பண்ணி, எரு வச்சுத் தண்ணி விட்டாச்சுன்னா மாசி வரைக்கும் பூ பெருசா வராது. மத்த நாள்ல ராத்திரி ரெண்டரை மணிக்கே நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு மொட்டுப் பறிக்க இறங்கணும். விடிஞ்சதும் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். இன்னைக்குப் பறிக்காத மொட்டு நாளைக்கு மலர்ந்து போயிரும், காசுக்கு ஆகாது. எனக்கும் வீட்டுக்காரிக்கும் முப்பது வருஷமா இதுதான் பொழப்பு.

மகன் பாங்காக்ல ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவனே டிக்கெட் போட்டு அனுப்பினான். வீட்டுக்காரி, "மாடு செனையா இருக்கு, நான் எங்க வர்றது, நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டா. நான் மட்டும் போனேன்.

ராத்திரி போய் இறங்கினேன். மகன் டாக்சி வச்சுக் கூட்டிட்டுப் போனான். ஓன் நுட்னு ஒரு பகுதி, பதிமூணாவது மாடியில ஒரே ஒரு ரூம். சாப்பிட்டு முடிச்சதும் அவன் மெதுவாப் பேச்சை எடுத்தான்.

"எதுக்குப்பா இன்னும் ராத்திரியில எந்திரிச்சுக் கஷ்டப்படுறீங்க? தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுருங்க. அம்மாவும் நீங்களும் கொஞ்ச நாள் அங்க, கொஞ்ச நாள் இங்கன்னு இருக்கலாம்."

அவன் சொன்னதுல தப்பில்லை. எனக்கும் அம்பத்தஞ்சு ஆச்சு, முட்டி வலி இருக்கு. ஆனா பதில் சொல்ல வரல. "பார்ப்போம்ப்பா"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

காலையில அவன் ஆபீஸ் கிளம்பும்போது, "தனியா எங்கேயும் போயிராதீங்கப்பா, பாஷை தெரியாது. ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிட்டுப் போனான். ரெண்டு நாள் அந்த ரூம்லயே இருந்தேன். பழக்க தோசம், ரெண்டரை மணிக்கு முழிப்பு வந்துரும். முழிச்சு என்ன செய்ய? ஜன்னல் வழியா கீழ போற வண்டிகளைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். குத்தகைக்கு விட்டா மிச்ச காலம் பூரா இப்படித்தான் இருக்கணுமோன்னு ஒரு பயம் வந்துருச்சு. அவன்கிட்ட இதைச் சொல்லல.

மூணாம் நாள் அவன் போனதும் சட்டையை மாட்டிக்கிட்டு நானும் கிளம்பிட்டேன்.

சின்ன வயசுல காணாமப் போன ஆட்டைத் தேடி சிறுமலை அடிவாரத்துக்குப் போகும்போது எங்கப்பா ஒண்ணு சொல்லிக் கொடுத்தார். "புது இடத்துக்குப் போனா முன்னாடியே பார்த்துக்கிட்டுப் போகாதடா, அப்பப்பத் திரும்பிப் பாரு. போறப்பத் தெரியுற பாதை வேற, வர்றப்பத் தெரியுற பாதை வேற." பாங்காக்ல எனக்கு இதுதான் மேப்பு. நூறு அடி நடப்பேன், நின்னு திரும்பிப் பார்ப்பேன். ஒரு செவன் இலெவன் கடையை அடையாளம் வச்சுக்கிட்டேன். அடுத்த முக்குலயும் அதே கடை, அதுக்கு அடுத்த முக்குலயும் அதே கடை! அடையாளத்தை மாத்தி ஒரு அரச மரத்தையும், கோழி சுடுற அம்மாவோட தள்ளுவண்டியையும் வச்சுக்கிட்டேன்.

நடந்து பார்த்தப்பத்தான் அந்த ஊர் வெளங்க ஆரம்பிச்சது. சுகும்வித்னு ஒரு பெரிய ரோடு. அதுல இருந்து ரெண்டு பக்கமும் பிரியுற தெருவுக்கு சோய்னு பேரு. ஒரு பக்கம் பூராவும் ஒத்தைப்படை நம்பர், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை நம்பர். நம்பரை வச்சே நாம எங்க நிக்கிறோம்னு கண்டுபிடிச்சுரலாம். ஆனா ஒரு சோய்க்குள்ள நுழைஞ்சா பக்கத்துச் சோய்க்குக் குறுக்க வழி இருக்கும்னு நம்ப முடியாது. பாதித் தெரு முட்டுச் சந்து. வந்த வழியே திரும்பி பெரிய ரோட்டுக்கு வந்துதான் அடுத்ததுக்குள்ள போகணும்.

எனக்கு இது எங்கயோ பார்த்த மாதிரியே இருந்துச்சு. பெரிய வாய்க்கால், அதுல இருந்து கிளை வாய்க்கால், கடைசி வயலோட முடிஞ்சு போற மடை. ராத்திரி மகன்கிட்டக் கேட்டப்ப போன்ல தேடிப் பார்த்துச் சொன்னான். நான் நெனச்சது சரிதான். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல நெல் வயலும் கால்வாயுமா இருந்த பூமி. வயலைத் துண்டு துண்டா வித்து வீடு கட்டினதால தெருவும் வயல் துண்டு போன போக்குலயே அமைஞ்சிருக்கு. சீலோம்னு இன்னைக்குப் பெரிய பெரிய பேங்க் எல்லாம் இருக்கிற ரோடுகூட, ஓரமா ஓடின கால்வாயை மூடி அகலப்படுத்தினதுதான்.

நடைபாதை மட்டும் நம்ம ஊரே தேவலை. ஓடு பெயர்ந்து கிடக்கும், மிதிச்சா அடியில நிக்கிற தண்ணி கால்ல தெறிக்கும். கரண்டுக் கம்பத்துல வயர் எல்லாம் குருவிக்கூடு மாதிரித் தொங்குது. ஆரஞ்சு கலர் சட்டை போட்ட பைக் டாக்சிக்காரங்க நடைபாதையிலயே ஏத்திக்கிட்டு வர்றாங்க. ஆனா ஹாரன் சத்தம் இல்லை. அவ்வளவு வண்டி நிக்குது, ஒருத்தனும் அமுக்கல. எனக்கு அதுதான் அதிசயம்.

அடுத்த நாள் தைரியம் கூடிருச்சு. ரயில் ஏறினேன். அங்க ரோட்டுக்கு மேலயே தூண் கட்டி ரயில் விட்டிருக்காங்க, 1999ல இருந்து ஓடுது. மகன் பழைய ராபிட் கார்டு ஒண்ணு வீட்டுல வச்சிருந்தான். அதைக் கதவுல காட்டினா திறக்கும், இறங்குற இடத்துல மறுபடி காட்டினா காசைக் கழிச்சுக்கும். ஒன்பதாவது ஸ்டேஷன் சியாம், அங்க வண்டி மாறணும். எல்லாரும் இறங்கி எதிர்ல நின்ன வண்டியில ஏறினாங்க, நானும் ஏறிட்டேன். அடுத்த ஸ்டேஷன்லயே வண்டி நின்னுருச்சு, எல்லாரும் இறங்கிட்டாங்க. அதுதான் அந்தப் பக்கத்துக்குக் கடைசி ஸ்டேஷனாம்! முழிச்சுக்கிட்டு நின்னேன். அங்க நின்ன காவலாளி என் மூஞ்சியைப் பார்த்தான், சிரிச்சான், உட்காருன்னு கையைக் காட்டினான். அதே வண்டி திரும்பி, சியாம் வழியா நான் போக வேண்டிய பக்கமே போச்சு. மேல் தளத்துல ஏறினது தப்பு, கீழ் தளத்துல ஏறியிருக்கணும். ஆனா தப்பா ஏறின வண்டியே என்னைச் சரியான இடத்துல கொண்டுபோய் விட்டுச்சு.

சபான் தாக்சின்னு ஒரு ஸ்டேஷன்ல இறங்கினா கீழயே சாவோ பிரயா ஆறு. நம்ம வைகையில தண்ணி எப்ப வரும்னு காத்துக் கிடக்கிறவனுக்கு அவ்வளவு தண்ணியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரல. ஆத்துல டவுன் பஸ் மாதிரி படகு ஓடுது. ஆரஞ்சுக் கொடி கட்டின படகுல ஏறினேன். கண்டக்டர் அம்மா ஒரு தகரக் குழாயில சில்லறையும் டிக்கெட்டும் வச்சுக் குலுக்கிக்கிட்டே வந்தாங்க. பின்னாடி ஒருத்தர் விதவிதமா விசிலடிக்கிறார். அந்த விசிலை வச்சுத்தான் டிரைவர் படகைத் துறையில அணைக்கிறார். படகு கரையைத் தொடும் முன்னாடியே சனம் தாவுது. நம்ம ஊர் பஸ்ஸை விட மோசம்.

முன்னால போய் நின்னேன். அப்பத்தான் ஒரு வாசம் வந்துச்சு. படகு மூக்குல கலர் துணி சுத்தி ஒரு மாலை போட்டிருந்தாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா மல்லிகை மொட்டு! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கண்டக்டர் அம்மாவைக் கூப்பிட்டு, மாலையைக் காட்டி, "எங்க, எங்க"ன்னு தமிழ்லயே கேட்டேன். அவங்களுக்கு எப்படிப் புரிஞ்சதோ, "பாக் கிளோங், பாக் கிளோங்"னு சொல்லி, நாலஞ்சு துறை தாண்டினதும் தோளைத் தட்டி இறக்கி விட்டாங்க.

பாக் கிளோங் தலாத். கால்வாய் வாய்ச் சந்தைன்னு அர்த்தம். பாங்காக்கோட பெரிய பூச்சந்தை இதுதான். ராத்திரி பகல்னு மூடுறதே கிடையாது.

உள்ள நுழைஞ்சதும் எனக்கு வெளிநாட்டுல இருக்கோம்ங்கிற நெனப்பே போச்சு. செண்டுமல்லி மூட்டை மூட்டையா அடுக்கியிருக்கு. தாமரை மொட்டை வாங்கி, இதழ் இதழா உள்பக்கம் மடிச்சுக் கொடுக்கிறாங்க. வாழை இலை, வெத்தலைக் கட்டு. மல்லிகை மொட்டைக் காம்பு கிள்ளி பிளாஸ்டிக் பையில போட்டு, கூடவே ஐஸ் வச்சுக் கட்டியிருந்தாங்க. நம்ம குண்டுமல்லி மாதிரியேதான், மொட்டு கொஞ்சம் சின்னது.

ஒரு கடையில அறுபது வயசு இருக்கும் ஒரு அம்மா, பேத்தி மாதிரி ஒரு பிள்ளையோட உட்கார்ந்து மாலை கட்டிக்கிட்டு இருந்தாங்க. நம்ம மாதிரி நார்ல தொடுக்கிறது இல்லை. ஒரு முழ நீள ஊசியில மொட்டைச் சுத்திச் சுத்திக் குத்தி, கடைசியில நூலுக்கு இறக்குறாங்க. நான் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அவங்க நிமிர்ந்து என்னமோ கேட்டாங்க. போன்ல பேசினா மொழிபெயர்க்கிற ஆப்பை மகன் போட்டுக் கொடுத்திருந்தான். அதுல, "நானும் மல்லிகை விவசாயிதான் அம்மா, இந்தியா"ன்னு சொன்னேன். போன் தாய் பாஷையில என்னமோ சொல்லுச்சு. அந்தம்மா ஊசியைக் கீழ வச்சுட்டு என் கையைப் பார்த்தாங்க. என் நகத்தைப் பார்த்தாங்கன்னு நெனைக்கிறேன். காம்பு கிள்ளிக் கிள்ளிப் பெருவிரல் நகத்துல கறை ஏறினது கவாத்துக் காலத்துலயும் போகாது. அவங்க தன்னோட விரலை நீட்டிக் காட்டினாங்க. அதே கறை.

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாங்க. அரை மணி நேரம் போன் வழியாப் பேசினோம். குளிர் காலம், மல்லிகை வரத்து கம்மி, விலை ஏறிப்போச்சு, வாங்குறவங்க எல்லாம் திட்டுறாங்கன்னு சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இங்கயும் மார்கழி, தையில கிலோ 2000, 3000னு போகும், அப்ப நம்ம செடியில பூ இருக்காது. சித்திரையில செடி கொட்டும், அப்ப 200க்கும் கேட்க ஆள் இருக்காது. விலை இருக்கப்பப் பூ இல்லை, பூ இருக்கப்ப விலை இல்லைன்னு சொன்னேன். போன் அதை எப்படி மாத்திச் சொல்லுச்சோ, அந்தம்மா தொடையில தட்டிச் சிரிச்சாங்க. என்னை 'லுங்'னு கூப்பிட்டாங்க. நான் லுங்கியைப் பத்தி என்னமோ கேக்குறாங்கன்னு நெனச்சேன். லுங்னா பெரியப்பான்னு அப்புறம் மகன் சொன்னான்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். மாலையோட நடுவுல ஊதாவும் வெள்ளையுமா ஒரு பூ கோத்திருந்தாங்க. எங்கயோ பார்த்த பூவா இருக்கேன்னு எடுத்துப் பார்த்தா, எருக்கம்பூ! சுத்தி இருக்கிற இதழைப் பிச்சுட்டு நடுவுல இருக்கிற கிரீடத்தை மட்டும் கோக்குறாங்க. அதுக்குன்னே பயிர் பண்ணி, மூட்டை கட்டிச் சந்தைக்கு வருது. நம்ம ஊர்ல பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு நாள் தேடுவோம். மத்தபடி "உன் வீட்டுல எருக்கு முளைக்க"ன்னு சாபம் விடத்தான் அந்தச் செடி. அங்க அதுக்குப் பேரு டோக் ராக், அன்பு பூன்னு அர்த்தமாம். கல்யாண மாலையில அது இல்லாம இருக்காதாம். நான் வருஷா வருஷம் வரப்போரம் வெட்டிப் போடுற செடி!

திரும்பி வரும்போது சியாம் ஸ்டேஷன்ல அவ்வளவு கூட்டம். திடீர்னு ஒரு பாட்டுப் போட்டாங்க. ஓடிக்கிட்டு இருந்தவங்க, போன் நோண்டிக்கிட்டு இருந்தவங்க, அத்தனை பேரும் அப்படியே நின்னுட்டாங்க. எனக்குப் பகீர்னுச்சு. நானும் நின்னேன். பாட்டு முடிஞ்சதும் மறுபடி ஓட்டம். தினமும் காலையில எட்டு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் தேசிய கீதம் போடுவாங்களாம்.

ரூமுக்குப் போனா மகன் வாசல்லயே நிக்கிறான். முகம் செவந்து கிடக்கு. "எத்தனை தடவை போன் பண்றது? உங்களுக்கு ஒண்ணுன்னா அம்மாவுக்கு நான் என்னப்பா பதில் சொல்றது?" ரயில் சத்தத்துல போன் அடிச்சது எனக்குக் கேக்கல. எட்டு தடவை கூப்பிட்டிருக்கான். அவன் பத்தாவது படிக்கும்போது சொல்லாம கொள்ளாம மதுரைக்குப் படம் பார்க்கப் போயிட்டு ராத்திரி வந்தான். அன்னைக்கு நான் வாசல்ல நின்னு கத்தின அதே கத்து. எனக்குக் கோவம் வரல. "தப்புதாம்ப்பா, இனிமே சொல்லிட்டுப் போறேன்"னு சொன்னேன். போக மாட்டேன்னு சொல்லல.

அப்புறம் தினமும் போனேன். சொல்லிட்டுப் போனேன். சீலோம் ரோட்டுல மாரியம்மன் கோயில் இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல அங்க பிழைக்கப் போன தமிழர்கள் கட்டினது. போய்ப் பார்த்தா நம்ம ஆளுங்களை விட அந்த ஊர்க்காரங்கதான் கூட்டம் கூட்டமா தட்டுல செண்டுமல்லி மாலையும் வாழைப்பழமும் வச்சுக்கிட்டு வர்றாங்க. இன்னொரு நாள் பூச்சந்தையில இருந்து சும்மா நடந்தப்ப பூமிக்கு அடியில ஒரு ரயில் ஸ்டேஷனைக் கண்டுபிடிச்சேன். சனாம் சாய்னு பேரு, உள்ள அரண்மனை மாதிரி தூணும் கூரையும். ராத்திரி படகு இல்லாதப்ப சந்தைக்கு இந்த வழியா வந்துரலாம்னு மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி மகன்கிட்ட, "வா, உன்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்"னேன். சிரிச்சான். ஆனா வந்தான். மேல ஓடுற ரயில்ல அசோக் போய், அங்க கீழ இறங்கி பூமிக்குள்ள ஓடுற ரயில்ல ஏறி, சனாம் சாய்ல மேல வந்தோம். எந்தப் பக்கம் வெளிய போறதுன்னு அவன் போனை எடுத்தான். நான் பாட்டுக்கு முன்னாடி நடந்தேன். ரெண்டு வருஷமா அந்த ஊர்ல இருக்கான், ஆபீஸ், ரூம், மால், அதைத் தாண்டிப் பார்த்ததில்லை.

ராத்திரி பதினோரு மணிக்கு அந்தச் சந்தை திருவிழா மாதிரி இருந்துச்சு. லாரி வந்து நிக்குது, கூடை இறங்குது. அந்தம்மா என்னைப் பார்த்ததும் "லுங்!"னு கையைத் தூக்கினாங்க. மகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அவனுக்குத் தாய் பாஷை கொஞ்சம் வரும், அவனே பேசினான். கொஞ்ச நேரத்துல அவனும் ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்து பையில இருந்த மொட்டை எடுத்துக் காம்பு கிள்ள ஆரம்பிச்சுட்டான். கை மறக்கல. படிக்கிற காலத்துல தினமும் ரெண்டு மணி நேரம் பறிச்சுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். அதை அவன் வெறுத்தான், எனக்குத் தெரியும். "என் சட்டையில மல்லிகை வாசம் அடிக்குதுன்னு பசங்க கேலி பண்ணுவாங்கப்பா"ன்னு அன்னைக்குத்தான் சொன்னான். இத்தனை வருஷம் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் கழிச்சு அவனே சொன்னான். "ஆகஸ்ட் 12 இங்க அம்மாக்கள் நாள். எல்லாரும் அம்மாவுக்கு மல்லிகை கொடுப்பாங்க, அதான் வழக்கம். போன வருஷம் ஆபீஸ்ல எனக்கும் ஒரு சின்ன மாலை கொடுத்தாங்க. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பலாம்னு நெனச்சேன். என்னமோ அனுப்பல."

"அவளுக்கு மல்லிகையைப் பார்த்தா வேலைதான் ஞாபகம் வரும், விடு"ன்னு சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா அந்நேரமே ஒரு மாலையைக் கையில பிடிச்சு போட்டோ எடுத்து அனுப்பினான். அவ தூங்கல போல. உடனே பதில் வந்துச்சு: "கிலோ என்ன வெலை?"

ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு டாக்சி வேணாம்னுட்டேன். பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரயில்லயே பாயா தாய் போய், அங்க ஏர்போர்ட் ரயிலுக்கு மாறிப் போனோம். பட்டணத்துல இருக்க உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்றேன். வெளிநாட்டுக்கு உங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனா கார்ல வச்சு இடம் இடமாக் காட்டிட்டு விட்டுராதீங்க. ஒரு ரயில் கார்டும், வீட்டு விலாசம் அந்த ஊர் பாஷையில எழுதின ஒரு சீட்டும் கையில கொடுங்க. தொலையட்டும். திரும்பி வந்துருவாங்க.

குத்தகைப் பேச்சை அவன் மறுபடி எடுக்கல, நானும் எடுக்கல. முட்டி வலி அப்படியேதான் இருக்கு. அந்தப் பேச்சு முடிஞ்சுருச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஏர்போர்ட்ல உள்ள போகும்போது, "அடுத்த வருஷமும் கவாத்து முடிச்சுட்டுக் கிளம்பி வாங்கப்பா, அம்மாவையும் கூட்டிட்டு"ன்னு சொன்னான். கவாத்து முடிச்சுட்டுன்னு அவன் வாயாலயே சொன்னான்.

இப்ப செடி துளிர் விட்டிருக்கு. இன்னும் ரெண்டு வாரத்துல மொட்டு வந்துரும். வரப்போரத்து எருக்கை இந்த வருஷம் வெட்டல.